நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்

பொங்கலுக்கு மறுநாள் அவனியாபுரம் போயிருக்கிறீர்களா? முதல் நாளே ஜல்லிக்கட்டு முடிந்து மாடுகள், டி.வி. கேமராக்கள், அமைச்சர்கள் எல்லாரும் பாலமேட்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். தெருவில் தேங்காய் நார் மட்டும் கிடக்கும். தடுப்புக் கட்டைகளை அவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இந்த வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடியிலிருந்து எலெக்ட்ரிக் கிடார் கேட்டது. நான் போகவேண்டிய வீடும் அதுதான்.

அண்ணனுக்கு வயது 67. பகலில் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன், ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் என்று இருபது வருஷம் ஓட்டியவர். சித்திரைத் திருவிழா, பங்குனிப் பொங்கல், காதுகுத்து, கட்சி மாநாடு என்று எதையும் விட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிடார். உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் சரக்கு. 1993ல் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அதை விற்றார். அடுத்த வாரமும் கச்சேரி இருந்தது, போகவில்லை. அப்புறம் குழுவுக்கும் அவர் தேவைப்படவில்லை. கீபோர்டுக்காரர் ஒருவரே கிடார், வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றையும் ஒரு பெட்டியிலிருந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்.

ரிட்டயர் ஆனபின் மகன் வாங்கிக் கொடுத்த போனில் அண்ணன் அந்தக் கிடாரைத் தேட ஆரம்பித்தார். மாடல் பெயர் தெரியாது. தலையில் ஒட்டியிருந்த பெயர்த்தகடு அவர் கைக்கு வரும் முன்பே விழுந்துவிட்டது. ஞாபகத்தில் இருப்பது வரிசையாக நான்கு ஸ்விட்ச், தங்கக் காகிதம் ஒட்டியது மாதிரி பிக்கப், கொஞ்சம் கோணலாகச் சிரிக்கிற மாதிரி உடம்பு. இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு ஜப்பான் ஏலத் தளத்தில் தேடித் தேடி இதுவரை மூன்று கிடார் வாங்கியிருக்கிறார். மூன்றும் அது இல்லை. நான்காவது ஒன்று அன்றைக்கு ஏலத்தில் இருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். "நீங்க பத்திரிகையில எழுதுறவுக. இந்த வெவரத்தைப் படிச்சு உண்மையா பொய்யான்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

படித்தேன். அந்த நாலு மணி நேரத்தில் நான் படித்த விற்பனைக் குறிப்புகளைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். நாவலையும் சினிமாவையும் விமர்சிக்கிற பக்கத்தில் இது என்ன என்று கேட்காதீர்கள். பழைய ஜப்பான் கிடாரை விற்கிறவர் எழுதும் பத்து வரி இன்றைக்கு ஒரு தனி இலக்கிய வகை. அதற்கும் கதாநாயகன், வில்லன், கண்ணீர் எல்லாம் உண்டு. கற்பனையும் தாராளம்.

அமெரிக்க விற்பனையாளர்கள் எல்லாருக்கும் பிடித்த ஒரு வார்த்தை 'லாஸூட்'. வழக்கு. 'வழக்குக் காலத்துக் கிடார்' என்று போட்டாலே விலை ஏறிவிடும். கதை இப்படிப் போகும். எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் கிப்ஸன், ஃபெண்டர் கிடார்களை அச்சு அசலாகக் காப்பியடித்தார்கள். காப்பி அசலைவிட நன்றாக அமைந்துவிட்டது. பயந்துபோன அமெரிக்கக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்து நிறுத்தின. ஆகவே இது தடைசெய்யப்பட்ட பொக்கிஷம், உடனே வாங்குங்கள்!

நடந்தது இவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. 1977 ஜூனில் கிப்ஸனின் தாய்க் கம்பெனியான நார்லின், அமெரிக்காவில் ஐபனெஸ் கிடார்களை விற்றுக்கொண்டிருந்த எல்கர் என்ற நிறுவனத்தின் மேல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. புகார் கிடாரின் தலை வடிவத்தைப் பற்றி. உடம்பைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. விரித்து வைத்த புத்தகம் மாதிரி ஒரு வளைவு கிப்ஸன் தலையில் இருக்கும், அது எங்களுடையது என்றார்கள். வழக்கு வருவதற்கு முன்பே ஐபனெஸ் தலை வடிவத்தை மாற்றியிருந்தது. 1978ல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாகிவிட்டார்கள். தீர்ப்பு இல்லை, தடையும் இல்லை. ஒரு கம்பெனி மேல் ஒரு வழக்கு, அவ்வளவுதான். அந்த ஒரு வழக்கின் புகழை இன்றைக்கு அதில் சம்பந்தமே இல்லாத நூறு பெயர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அண்ணன் வாங்கிய முதல் கிடாரே அப்படி வந்ததுதான். விற்றவர் 'வழக்குக் காலம்' என்று எழுதியிருந்தார். அது எண்பதுகளில் செய்தது.

"அப்ப ஏமாத்திட்டாய்ங்களா?" என்றார் அண்ணன்.

கிடாரை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கிடார் நன்றாகவே இருந்தது. கதையில்தான் ஏமாற்று. காசு கதைக்குப் போனது.

ஜப்பான் விற்பனையாளர்கள் இதற்கு நேர் எதிர். சோகமாக எழுதுவார்கள். மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தால், 'தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்தது. சத்தம் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. நான் அறியாதவன், மன்னிக்கவும்' என்ற தொனி. முக்கால்வாசிக் குறிப்புகளில் 'ஜங்க்' என்று இருக்கும். இங்கே ஜங்க் என்றால் குப்பை என்று நினைக்கவேண்டாம். உத்தரவாதம் தரமாட்டேன், பழுதிருந்தால் என்னைத் தேடி வராதே என்று அர்த்தம். வேலை செய்கிற கிடாரையும் ஜங்க் என்றே போடுவார்கள். இன்னொரு வார்த்தை 'சோரி'. கழுத்து வளைந்திருக்கிறது என்று பொருள். இதைக் கவனிக்காமல் வாங்கினால் பிறகு வீட்டில் ஸாரி சொல்லவேண்டியது நாம்தான். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றே. 'நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்.' ஆங்கிலத்திலிருந்து எடுத்து ஜப்பானிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' மாதிரி அது இல்லாமல் குறிப்பு முடியாது.

விமர்சகன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டாவது வகைதான் உயர்ந்த உரைநடை. இதில் படங்களைத்தான் படிக்கவேண்டும். அவனியாபுரத்துக்காரருக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு வாங்கப் போகிறவர் தரகர் பேச்சையா கேட்பார்? பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அண்ணனும் அப்படித்தான். ஃப்ரெட் கம்பிகளில் குழி விழுந்திருக்கிறதா, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் கோடு தெரிகிறதா, ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா என்று போனை விரல்களால் விரித்து விரித்துப் பார்க்கிறார். தேய்ந்த ஸ்க்ரூ என்றால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள். நடக்கவிட்டுப் பார்க்கத்தான் வழியில்லை.

*

ஜப்பானுக்கு இந்தக் கிடார் பைத்தியம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழு 1965ல் அங்கே சுற்றுப்பயணம் போனது. பாட்டே கிடையாது, வெறும் கிடார்கள். பையன்கள் எல்லாம் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். மாணவர்கள் எலெக்ட்ரிக் கிடாரைத் தொடக்கூடாது என்று சில ஊர்களில் தடையே போட்டார்கள். தடை போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டெய்ஸ்கோ, குயாடோன் என்று கம்பெனிகள் இரவுபகலாகக் கிடார் செய்து தள்ளின. உள்ளூருக்குப் போக மிச்சம் கப்பலேறி அமெரிக்கக் கடைகளில் மலிவு விலைக்குக் குவிந்தது. அலை வந்த வேகத்தில் வடிந்தது. 1967ல் டெய்ஸ்கோவை கவாய் கம்பெனி வாங்கிக்கொண்டது.

பிறகுதான் மட்ஸுமோட்டோ. மலை சூழ்ந்த ஊர், மரவேலைக்குப் பேர்போனது. ஃபுஜிஜென் தொழிற்சாலை 1960ல் தொடங்கியது அங்கேதான். மட்ஸுமோகு என்று இன்னொரு கம்பெனியும் அங்கே இருந்தது. நம் தெரு முனை டெய்லர் வைத்திருக்கும் சிங்கர் மிஷினுக்கு மரப்பெட்டி செய்து பழகிய கைகள். அதே கைகள் அரியா கிடார்களையும் செய்தன. 1987ல் மூடிவிட்டார்கள். 1985க்குப் பிறகு யென் மதிப்பு எகிறியதும் மலிவுக் கிடார் வேலையெல்லாம் கொரியாவுக்குப் போய்விட்டது. அண்ணனின் இரண்டாவது கிடார் இந்தத் தையல் மிஷின் கம்பெனியுடையது. மூட்டு இருக்கும் இடம் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஜப்பான் கம்பி வாத்தியம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. புல்புல்தாரா ஞாபகம் இருக்கிறதா? டைப்ரைட்டர் மாதிரி பொத்தான், ஒரு கையால் அழுத்தி மறு கையால் மீட்டவேண்டும். நகோயாவில் மொரிட்டா கோரோ என்பவர் 1912ல் கண்டுபிடித்த தாய்ஷோகோட்டோதான் அது. இங்கே வந்து ஊர் மாறி, பேர் மாறி, கவாலிக்கும் கல்யாணத்துக்கும் வாசித்து, கடைசியில் நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதை யாரும் ஏலத்தில் தேடுவதாகத் தெரியவில்லை.

ஏன் டெய்ஸ்கோவை மட்டும் தேடுகிறார்கள்? அமெரிக்காவில் ரை கூடர் என்ற மேதை தன் ஃபெண்டர் கிடாரில் பழைய டெய்ஸ்கோவின் தங்கக் காகித பிக்கப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டார். சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற ப்ளூஸ் பாடகர் மலிவு ஜப்பான் கிடாரையே அலறவிட்டார். பெரியவர்கள் தொட்டதும் குப்பைக்கு விலை வந்துவிட்டது. இப்போது அந்த பிக்கப்பை மட்டும் கழற்றி விற்பதற்காகவே முழுக் கிடாரை வாங்கிப் பிரிக்கிறவர்கள் உண்டு. சிற்பத்தின் தலையை மட்டும் வெட்டி எடுத்துப்போகிற வேலை. எனக்கு இதில் கோபம் உண்டு. அண்ணன் கிடாரும் இப்படி எங்கேயாவது பிரிந்து கிடக்கலாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

*

சேகரிப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு பெரிய புகார் இருக்கிறது. பழைய ஐபனெஸ் கிடார்களின் சீரியல் நம்பரில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருஷம். ஈ, 76 என்று இருந்தால் 1976 மே. 'அன்னக்கிளி' வெளிவந்த மாதம்! ஒரு மரக்கட்டை எந்த மாதம் எந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று உலகம் பூராவும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த மாதத்திலிருந்து தமிழ்நாடு கேட்ட கிடார்களை வாசித்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். சதானந்தம் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பேஸ் வாசித்த சசிதரன்? 'பயணங்கள் முடிவதில்லை'யில் 'இளைய நிலா'வுக்குக் கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். படம் வந்தது 1982ல். அந்தக் காலக் கேஸட் உறைகளில் கம்பெனி பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், விலைகூட இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இளையராஜாவே கிடாரில் தொடங்கியவர், லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாஸிக்கல் கிடார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியவர் என்று எல்லாருக்கும் தெரிந்த ஊரிலேயே இந்த நிலைமை.

ரெக்கார்டிங் தியேட்டர் கலைஞர்களுக்கே இப்படி என்றால் மெல்லிசைக் குழுக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு ஒலிநாடாகூட இல்லை. அண்ணன் இருபது வருஷம் வாசித்ததற்கு ஆதாரம் ஒரே ஒரு போட்டோ. அதிலும் பாடகர் கை மறைத்து, கிடாரில் பாதிதான் தெரிகிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் இத்தனை தேடல்.

சத்தத்தைப் பற்றியும் அவரிடம் சண்டை போட்டேன். "அந்தக் கிடார் சத்தம் வேற தம்பி. தகரத்துல மழை பேஞ்ச மாதிரி" என்றார். எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? காந்தத்தைச் சுற்றி முடியளவு செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் ஆடுகிறது, சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே சொன்னதுதான், டிப்போ எலெக்ட்ரீஷியனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் துளியைப் பெருக்கி ஸ்பீக்கரில் விடுகிறவன் பாதி வாத்தியக்காரன். அந்தக் காலத்தில் குழுக்களுக்குக் கிடார் ஆம்ப்ளிஃபயர் ஏது? மைக் செட்காரரின் அஹுஜாதான். அதிலிருந்து வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். கூம்பில் கீழ்ச் சுருதி கிட்டத்தட்ட வராது, நடுப்பகுதி மட்டும் காதைக் கிழிக்கும். அண்ணன் நினைவில் பெய்கிற மழையில் முக்கால்வாசி அந்தக் கூம்பினுடையது. இதைச் சொன்னேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. மதினி காபி கொண்டுவந்தவர், "அப்ப ஒரு கூம்பு வாங்கிட்டாப் போதும்ல? இங்கனயே நாலு கடையில கெடக்கு" என்றார். இத்தனை வருஷ விமர்சன வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக ஒரு தீர்ப்பை நான் எழுதியதில்லை.

மதினிக்குக் கோபம் இருக்கக் காரணம் உண்டு. முதல் கிடாரோடு ஜப்பானிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. வாழ்நாளெல்லாம் பஸ்ஸுக்கு ஒயரிங் பார்த்த மனிதர், ஆசையில் ப்ளக்கை நேராகச் செருகிவிட்டார். புகை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் கிடாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிடாருக்கு வோல்டேஜ் பிரச்னை கிடையாது. இன்னொன்று, சுங்க வரி கிடார் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவையும் இன்ஷூரன்ஸையும் கூட்டிய தொகைக்குத்தான் கணக்கு. மூன்றாவது கிடாரின் ஏல விலை 12,000 யென். அது மதுரை வந்து சேர ஆன செலவு அதைவிட அதிகம், அந்தச் செலவின் மேலும் வரி.

ஒரு காலத்தில் மரத்துக்கே காகிதம் கேட்டார்கள். எழுபதுகளின் ஜப்பான் கிடார்கள் பலவற்றில் விரல் பலகை இந்திய ரோஸ்வுட். நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்போம். மேற்குத் தொடர்ச்சி மலை மரம். தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994ல் தனிச் சட்டமே வந்தது. 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சேர்ந்ததால், விற்ற கிடார் பர்மிட் இல்லாமல் நாடு தாண்ட முடியாமல் போனது. 2019 நவம்பரில் வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அண்ணனின் முதல் கிடாரில் இருக்கும் கறுப்புப் பலகை நம் மலையில் நின்ற மரமாக இருக்க நல்ல வாய்ப்பு. கப்பலேறி மட்ஸுமோட்டோ போய், ஏதோ ஒரு பையனிடம் அடிவாங்கி, நாற்பது வருஷம் கழித்து அவனியாபுரம் வந்திருக்கிறது. வந்த முதல் கோடையிலேயே மதுரைக் காய்ச்சலில் பலகை சுருங்கி, ஃப்ரெட் கம்பி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கிழித்தன. அண்ணன் அரம் வைத்து ராவிவிட்டார்.

*

நாலரை மணிக்கு ஒரு பரீட்சை வைத்தோம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, அவர் மூன்று கிடாரிலும் ஒரே துணுக்கை வாசிக்கவேண்டும். எது எது என்று நான் சொல்லவேண்டும். விலையையும் சீரியல் நம்பரையும் காது எவ்வளவு கண்டுபிடிக்கிறது என்று பார்க்கலாமே.

முதல் இரண்டும் எனக்கு ஒன்றுதான். மூன்று தரம் கேட்டும் மாற்றிச் சொன்னேன். வழக்குக் கதைக்குக் கொடுத்த காசு காதில் விழவில்லை. மூன்றாவதை மட்டும் முதல் சுரத்திலேயே கண்டுபிடித்தேன். 'ஜங்க்' என்று வந்த 12,000 யென் டெய்ஸ்கோ. சுருதி நிற்கவில்லை. ஐந்தாவது கட்டைக்கு மேல் பிசிறு. வால்யூம் திருகினால் கரகரவென்று தூசி. ஆனால் அதை எடுத்ததும் அண்ணன் வாசிப்பு மாறியது. மற்ற இரண்டிலும் பிழையில்லாமல் வாசித்தவர், இதில் தந்தியை இழுத்து, சரியாத சுருதியைக் கையாலேயே சரிக்கட்டி, பிசிறு வரும் இடத்தைத் தாண்டித் தாவி, சண்டை போடுகிற மாதிரி வாசித்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான் வாசித்திருக்க வேண்டும். கிடார் மோசம் என்பதால் கை கற்றுக்கொண்ட வழிகள். நல்ல கிடாரில் அவற்றுக்கு வேலையில்லை.

என் கூம்பு சித்தாந்தத்தை அங்கேயே கொஞ்சம் திருத்திக்கொண்டேன். சத்தம் கூம்பினுடையதாக இருக்கலாம். வாசிப்பு கிடாரினுடையதுதான்.

தெருவில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து, "அண்ணே, கச்சேரியா?" என்றார்.

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஏலம் முடியும்போது இங்கே ஆறரை. மதினி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நான்காவது கிடாரின் படத்தைக் கடைசியாக ஒரு முறை விரித்துப் பார்த்தோம். நான்கு ஸ்விட்ச் இருந்தது. தங்கக் காகிதம் இருந்தது. தலையில் பெயர்த்தகடு இல்லை, இரண்டு சின்ன ஓட்டை மட்டும். அண்ணன் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்தார். "நீங்க என்ன சொல்றீக?" என்றார்.

உடம்பு வடிவம் ஒத்துப்போகிறது, இதே மாடலாக இருக்கலாம், அதே கிடாராக இருக்க வழியில்லை, உங்களிடம் இருக்கிற ஜங்க்குக்கு நல்ல வால்யூம் கண்ட்ரோல் வாங்கிப் போடுங்கள், காசு மிச்சம் என்றேன். அண்ணன் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே 31,000 யென் என்று போட்டார்.

அந்தத் தளத்தில் கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். யாரோ 32,000 போட்டார்கள். அண்ணன் 33,000. ஐந்து நிமிஷம். 34,000. இன்னும் ஐந்து. முகம் தெரியாத அந்த ஆசாமிக்கும் ஏதாவது பாதி போட்டோ இருக்குமோ, இல்லை பிக்கப்பைப் பிரித்து விற்கிறவனோ, தெரியாது. 41,000க்கு அண்ணன் போனைக் கீழே வைத்தார். மதினி அடுப்படியிலிருந்து வந்து திரையைப் பார்த்தார். "எம்புட்டு வேணுமாம்?"

"நாப்பத்திரெண்டு."

"ரூவாயா?"

"இல்ல, யென்னு. ரூவாயில பாதியும் கொஞ்சமும்."

மதினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. "போடுங்க" என்றார்.